இடது கால்

அப்பாவின் இடது கால் முழங்காலுக்குக் கீழே கறுத்திருக்கும். 1986இல் பல்லவனில் டிரைவராகச் சேர்ந்தவர், 28 வருஷம் சென்னைக்குள்ளேயே ஓட்டினார். அந்தக் காலத்து பஸ்களில் இன்ஜின் முன்பக்கம், டிரைவருக்கு இடது கைப் பக்கமாக, ஒரு மூடிக்கு அடியில் இருக்கும். கத்திரி வெயிலில் அதன் அனல் முழுக்க அந்தக் காலுக்குத்தான். கிளட்ச் மிதித்து மிதித்து முட்டி தேய்ந்தது தனிக் கணக்கு.

2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. உலக வங்கி உதவியோடு சென்னைக்குத் திட்டமிடப்பட்ட 625இல் முதல் தவணை. சில வாரம் கழித்து அப்பாவை அதில் கூட்டிப் போனேன். தாழ்தளம் என்பதால் கம்பியை இழுத்துப் பிடிக்காமல் சாதாரணமாக ஏறிவிட்டார். டிரைவரின் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தார். கிளட்ச் கிடையாது, கியர் கிடையாது, அனல் கிடையாது.

"இப்படி ஒரு வண்டி குடுத்திருந்தா இன்னும் பத்து வருஷம் ஓட்டியிருப்பேன்டா."

கடைசி நிறுத்தத்தில் இறங்கியதும் டிரைவரிடம் போய், "தம்பி, சர்வீஸ்ல எப்போ சேந்தீங்க?" என்று கேட்டார்.

"நான் கம்பெனி ஆளு சார். கண்டக்டர் அண்ணன்தான் எம்டிசி."

அப்பா அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை.

ஏற்பாடு இதுதான். பஸ்ஸும் டிரைவரும் பராமரிப்பும் தனியார் நிறுவனத்துடையது. வழித்தடம், டிக்கெட் விலை, கண்டக்டர் மாநகரப் போக்குவரத்துக் கழகத்துடையது. ஓடிய கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டுக் கழகம் பணம் கொடுக்கும். மின்சார பஸ்ஸின் விலை டீசல் பஸ்ஸைவிட மிக அதிகம். அத்தனையையும் கழகமே முதல் போட்டு வாங்கக் காசுக்கு எங்கே போகும் என்பது நியாயமான கேள்விதான்.

ஆனால் எங்கள் வீடு அப்பாவின் அரசு பஸ் வேலையில் எழுந்தது. சம்பளச் சீட்டைக் காட்டித்தான் வீட்டுக் கடன். பி.எஃப். பணத்தில்தான் அக்கா கல்யாணம். மெமோ வந்தால் கூட நின்று பேச யூனியன் இருந்தது. பத்தாவது படித்த ஒருவர் இரண்டு பிள்ளைகளைக் காலேஜுக்கு அனுப்ப முடிந்தது அப்படித்தான்.

புகை போவது நல்லது. இரைச்சல் போவது அதைவிட நல்லது. சக்கர நாற்காலியில் வருபவர் சரிவுப் பலகை வழியே ஏறுவதைப் பார்த்தால் இத்தனை நாள் ஏன் இது இல்லை என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. டீசலே இருக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. டீசலோடு சேர்ந்து அந்த வேலையும் ஏன் போக வேண்டும் என்பதுதான் என் கேள்வி. பேட்டரிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று நமக்கெல்லாம் தெரிகிறது. ஓட்டுகிறவருக்கு எவ்வளவு சம்பளம், எத்தனை மணி நேர வேலை, கால் தேய்ந்தால் யார் பொறுப்பு என்பதும் அதே மாதிரி ஊருக்குத் தெரிய வேண்டும்.