முறிந்த எலும்பைச் சேர்த்துவைப்பது எது? தோல் ஊர்க்காரர்களுக்கு ஓர் எலும்புக் கதை!

திருப்பத்தூரிலிருந்து ஜவ்வாது மலை ஏறினால் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என மலைக்கிராமங்கள் வரிசையாக வரும். சாமை விதைப்பது, புளி உலுக்குவது, பலா இறக்குவது என்று ஓடுகிறது அங்கே பிழைப்பு. மரமேறும் ஊர்களில் ஒருவர் விழுந்து காலை முறித்துக்கொண்டால், வீட்டில் எழும் கேள்விகள் இரண்டே இரண்டுதான். 'எலும்பு கூடிடுமா?', 'எப்போ வேலைக்குப் போகலாம்?'

தினக்கூலியை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இரண்டாவது கேள்விதான் பெரிய பாரம். முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு முறிந்தால், அது கூடுவதற்கு மூன்று, நான்கு மாதங்கள்கூட ஆகலாம். சிலருக்கு அதற்குப் பிறகும் கூடாது. எக்ஸ்ரேயில் அந்த இடைவெளி அப்படியே தெரியும்.

பெரும்பாலானவர்களுக்கு எலும்பு கூடிவிடுகிறது. அது எப்படி? சிலருக்கு மட்டும் ஏன் கூடுவதில்லை? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் சென்னையில் உழைத்த ஒரு விஞ்ஞானியும், அமெரிக்காவில் ஆய்வு செய்த ஒரு தமிழ்ப் பெயர்க்காரரும் முக்கியமானவர்கள். திருப்பத்தூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் கதை இன்னும் கொஞ்சம் நெருக்கமானது. காரணம், கதை தொடங்குவது தோலில்!

தோலும் எலும்பும் ஒரே நார்

ஆம்பூர், வாணியம்பாடி என்றாலே தோலும் ஷூவும்தான் நினைவுக்கு வரும். ஆட்டுத்தோலோ மாட்டுத்தோலோ, அதற்கு உறுதியைத் தருவது கொலாஜன் என்ற புரத நார். தோல் பதனிடுவது என்றால், அந்த நார் அழுகிவிடாமல் நிலைநிறுத்துவதுதான்.

அதே கொலாஜன்தான் நம் எலும்புக்குள்ளும் இருக்கிறது. நார் முதலில் பின்னலாக அமைகிறது. அதன்மீதும் இடுக்குகளிலும் கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்த உப்பு படிந்து இறுகுகிறது. எலும்பு என்றால் கால்சியம் மட்டும்தான் என்று நினைப்பவர்கள், வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். சுத்தம் செய்த கோழிக்கால் எலும்பை வினிகரில் சில நாள்கள் ஊறவையுங்கள். கால்சியம் கரைந்துபோகும். எலும்பின் வடிவம் மாறாது. ஆனால், ரப்பர் போல வளையும். மிச்சம் இருப்பது பெரும்பாலும் கொலாஜன். கால்சியம் இல்லாவிட்டால் எலும்பு வளைகிறது. கொலாஜன் இல்லாவிட்டால் நொறுங்குகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் எலும்பு.

சென்னையில் அவிழ்ந்த முறுக்கு

இந்தக் கொலாஜனின் உள்வடிவத்தை உலகுக்குச் சொன்னவர் ஜி.என்.ராமச்சந்திரன். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராகச் சேர்ந்தபோது அவருக்கு 30 வயது. கொலாஜன் மாதிரிகள் வேண்டுமே? அடையாறில், பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்த அவர், 1954-ல் 'நேச்சர்' இதழில் முடிவை வெளியிட்டார்.

கயிறு திரிக்கும்போது புரிகளை முறுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். கொலாஜனும் மூன்று புரிகள் சேர்ந்து முறுக்கிய கயிறு என்பதுதான் அவர் சொன்னது. அந்தப் புரியில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. எல்லா அமினோ அமிலங்களிலும் சிறியது அதுதான். முறுக்கின் நடுவே அதற்கு மட்டும்தான் இடம் உண்டு.

இது வெறும் ஏட்டு விஷயம் இல்லை. மரபணுக் கோளாறால் கிளைசின் இருக்க வேண்டிய இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தால் முறுக்கு சரியாக விழாது. லேசாகத் தடுக்கி விழுந்தாலே குழந்தைகளுக்கு எலும்பு முறியும் பிறவி நோய்க்கு இது ஒரு முக்கியக் காரணம்.

யார் அழைப்பது?

நார் இருக்கிறது. கால்சியம் இருக்கிறது. ஆனால், முறிந்த இடத்துக்கு 'இங்கே வந்து எலும்பு கட்டுங்கள்' என்று செல்களை அழைப்பது யார்?

1965-ல் மார்ஷல் யூரிஸ்ட் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் ஒரு விநோதத்தைக் கண்டார். கால்சியத்தை நீக்கிய எலும்புத் துண்டைத் தசைக்குள் வைத்தபோது, எலும்பே இருக்கக் கூடாத அந்த இடத்தில் புது எலும்பு முளைத்தது. அப்படியானால், அழைக்கும் ஏதோ ஒரு பொருள் எலும்புக்குள்ளேயே இருக்கிறது!

அந்தப் பொருளைத் தேடியவர்களில் ஒருவர் இந்தியாவில் பிறந்த ஹரி ரெட்டி. சிகாகோவில் நோபல் விஞ்ஞானி சார்லஸ் ஹக்கின்ஸுடன் சேர்ந்து, 1972-ல் எலிகளில் ஆய்வு செய்தார். கால்சியம் நீக்கிய எலும்புப் பொடியைத் தோலுக்கு அடியில் வைத்தபோது, சுமார் ஒரு வாரத்தில் குருத்தெலும்பு வந்தது. 10, 11 நாள்களில் எலும்பு தொடங்கியது. மூன்று வாரங்களில் உள்ளே மஜ்ஜைகூட இருந்தது. நம் உடலில் முறிந்த இடத்திலும் ஏறக்குறைய இதே வரிசைதான். முதலில் ரத்தக்கட்டு, பிறகு மென்மையான குருத்து, அப்புறம் கெட்டியான எலும்பு. பல மாதங்கள் போனால், எலும்பு தன்னைத் தானே செதுக்கிப் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். தோலில் காயம் பட்டால் தழும்பு மிஞ்சும். எலும்பு அப்படி இல்லை. எலும்பாகவே மீண்டும் வளரும்.

இரண்டும் சேர்ந்தபோது

அடுத்த அடியை எடுத்துவைத்தவர் குபேர் சம்பத். அமெரிக்கக் காப்புரிமை ஆவணங்களில் இருக்கும் முழுப்பெயர், தங்கவேல் குபேரசம்பத். 1981-ல் இவரும் ஹரி ரெட்டியும் அந்த எலும்புப் பொடியை ஒரு ரசாயனக் கரைசலில் போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். கரைந்து வந்த புரதங்கள் ஒரு பக்கம். கரையாமல் தங்கிய கொலாஜன் சக்கை இன்னொரு பக்கம்.

புரதங்களை மட்டும் எலியின் தோலுக்கு அடியில் வைத்தார்கள். எலும்பு வரவில்லை. சக்கையை மட்டும் வைத்தார்கள். அப்போதும் வரவில்லை. இரண்டையும் மறுபடி சேர்த்து வைத்தார்கள். எலும்பு வந்தது!

வீடு கட்டுவதைப் போலத்தான் இதுவும். மேஸ்திரி மட்டும் வந்து, ஏறி நிற்கச் சாரம் இல்லாவிட்டால் சுவர் எழும்பாது. சாரம் மட்டும் நின்று, மேஸ்திரி வராவிட்டாலும் எழும்பாது. எலும்புக்கு அழைப்பும் வேண்டும், சாரமும் வேண்டும்.

எந்தப் புரதம் அழைக்கிறது என்று பிரித்தறிய இந்தச் சோதனை வழி திறந்தது. 1990-ல் சம்பத் இடம்பெற்ற குழு ஓபி-1 என்ற புரதத்தை அடையாளம் கண்டு வெளியிட்டது. அது பின்னர் மருந்தாகவும் ஆனது. கூடாமலே நின்றுவிட்ட கால் எலும்புக்கு அதுவரை இருந்த நல்ல வழி, நோயாளியின் இடுப்பிலிருந்தே எலும்பு எடுத்து அங்கே வைப்பது. 2001-ல் வெளியான ஓர் ஆய்வில் 122 நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டார்கள். ஒன்பதாவது மாதத்தில் ஓபி-1 வைத்தவர்களில் 81 சதவிகிதமும், இடுப்பு எலும்பு வைத்தவர்களில் 85 சதவிகிதமும் தேறியிருந்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால், இடுப்பில் எலும்பு எடுத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் எடுத்த இடத்தில் வலி தங்கிவிட்டது.

அதே ஆண்டு, வேறு வழியில்லாத நோயாளிகளுக்கு மட்டும் ஓபி-1-ஐப் பயன்படுத்த அமெரிக்கா அனுமதித்தது. இன்று அந்த மருந்து விற்பனையில் இல்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு புரதம் முதுகெலும்பு அறுவை சிகிச்சையில் பயன்படுகிறது. அதிலும் எச்சரிக்கை தேவைப்படுகிறது. கழுத்துப் பகுதியில் வைத்தபோது சிலருக்கு ஆபத்தான வீக்கம் வந்ததாக 2008-ல் அமெரிக்க அதிகாரிகள் எச்சரித்தார்கள். எலும்பை அழைக்கும் புரதம் கையில் கிடைத்துவிட்டது என்பதற்காக, அதை எல்லாருக்கும் எல்லா இடத்திலும் வைத்துவிட முடியாது.

நம் பங்கு எது?

நல்ல சேதி என்னவென்றால், பெரும்பாலானவர்களுக்கு அந்த அழைப்பு மருந்தாக வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. முறிந்த எலும்பே அழைக்கிறது. அது அழைக்கும்போது கட்டுமானப் பொருள் தயாராக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அது நம் சமையலறையில் இருக்கிறது.

மலையில் விளையும் சாமை நல்ல தானியம்தான். ஆனால், கால்சியத்துக்குக் கேழ்வரகுதான் ராஜா. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. கூழோடு மோர், கீரை, எள், முள்ளோடு சாப்பிடும் சிறு மீன் என்று சேர்த்தால் அந்தக் கணக்கை எட்டலாம். கொலாஜன் முறுக்கு உறுதியாக நிற்க வைட்டமின் சி வேண்டும். ஒரு நெல்லிக்காய் போதும். பருப்பும் முட்டையும் புரதம் தரும். சாப்பிட்ட கால்சியம் உடலில் சேர வைட்டமின் டி வேண்டும். அதற்கு வெயில் வேண்டும்.

இங்கேதான் யோசிக்க வேண்டியிருக்கிறது. விடிந்ததும் கம்பெனி வண்டி ஏறி, ஷூ தொழிற்சாலைக்குள் நாள் முழுக்க உட்கார்ந்து தைத்து, பொழுது சாயும்போது வீடு திரும்பும் பெண்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். அவர்களில் பலர் இருபதுகளில் இருப்பவர்கள். எலும்பு தன் முழு வலுவைச் சேர்த்துக்கொள்வது ஏறக்குறைய 30 வயதுக்குள்தான். மாதவிடாய் நின்ற பிறகு செலவாகப்போவது அந்தச் சேமிப்புதான். எனவே, மதிய இடைவேளையில் பத்து, பதினைந்து நிமிடம் வெயிலில் நடப்பதைப் பொழுதுபோக்காக நினைக்க வேண்டாம். அறுபது வயதில் வழுக்கி விழும்போது இடுப்பெலும்பைக் காப்பாற்றப்போவது அதுவும்தான்.

எலும்பு முறிந்தால்? இந்தப் பக்கத்தில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது புத்தூர் கட்டு. எங்கே போவதாக இருந்தாலும், முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். முறிந்த இடத்தைத் தேய்க்கவோ, இழுத்துவிடவோ கூடாது. ஒரு பலகையை அணைகொடுத்து, அசையாமல் கட்டி அழைத்துச் செல்லுங்கள். தோல் கிழிந்து எலும்பு தெரிந்தால் நேராக மருத்துவமனைதான். கட்டுப் போட்ட பிறகு விரல்கள் நீலம் பாய்ந்தாலோ, மரத்துப்போனாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். பீடி, சிகரெட்டை அன்றைக்கே நிறுத்துவது நல்லது. புகை எலும்பு கூடுவதைத் தாமதமாக்கும். சர்க்கரை நோய் இருந்தால் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும். மருத்துவர் சொன்ன காலம் கடந்தும் வலி குறையாமல், கால் ஊன்ற முடியாமல் இருந்தால் 'நாளாக நாளாகச் சரியாகிடும்' என்று இருந்துவிடாதீர்கள். கூடாத எலும்புக்கும் சிகிச்சை இருக்கிறது.

'எப்போ வேலைக்குப் போகலாம்?' என்ற கேள்விக்கு எந்த விஞ்ஞானியாலும் தேதி குறித்துக் கொடுக்க முடியாது. ஆனால், அந்தத் தேதி தள்ளிப்போகாமல் பார்த்துக்கொள்வதில் ஒரு பங்கு நம் கையில் இருக்கிறது. இன்று மாலை வீட்டுக்குப் போகும்போது ஒரு கிலோ கேழ்வரகும் கால் கிலோ நெல்லிக்காயும் வாங்கிப் போங்களேன்!