ராஜா இளநியைக் கொன்ற ராத்திரி

டெக்ஸாஸிலிருந்து தங்கச்சி அனுப்பிய நாலு படங்களால் என் வீட்டில் சண்டை வந்தது. அவளுடைய பிள்ளைகள் இரண்டும் தகரக் கிரீடம் வைத்து, மரவாள் பிடித்து நிற்கிறார்கள். பின்னால் வெல்வெட் அங்கி போட்ட ஒரு ராஜா. அவர் கையில் முழங்கை நீளத்துக்கு வான்கோழிக் கால். ஹூஸ்டன் பக்கத்தில் டாட் மிஷன் என்ற இடத்தில் 1974 முதல் நடக்கிற 'ரெனசான்ஸ்' திருவிழாவாம். பழைய ஐரோப்பாவைப் பலகையும் சாயமும் வைத்துக் கட்டி, டிக்கெட் போட்டு உள்ளே விடுகிறார்கள். இந்த விளையாட்டை 1963-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் தொடங்கி வைத்தவர் ஒரு பள்ளிக்கூட டீச்சர் என்று தெரிந்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. பிள்ளைகளை மேய்க்கத் தெரிந்தவர்களுக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும்.

என் மகளுக்கு ஏழு வயசு, மகனுக்கு நாலு. "நமக்கு ராஜா இல்லியா?" என்று இவன் அழ ஆரம்பித்தான். யோசிக்காமல் நான் சொல்லிவிட்டேன்: "இருக்காரு. பஸ்சுல ரெண்டு மணி நேரம்."

நாங்கள் மார்த்தாண்டம் பக்கம். திருவனந்தபுரம் எங்களுக்கு ஆஸ்பத்திரிக்கும் விமானத்துக்கும் போகிற ஊர். பிள்ளைகளின் அப்பா மஸ்கட்டுக்கு ஏறுவதும் இறங்குவதும் அங்கேதான். வேடிக்கை பார்க்க அங்கே போவதென்பது எங்கள் வீட்டில் கேள்விப்படாத காரியம். அம்மை கேட்டாள்: "அந்த ராஜாக்கமாருக்க கூத்தப் பாக்கவா பிள்ளைகள இழுத்துக்கிட்டுப் போற?" அவளுக்குக் காரணம் உண்டு. ராஜாக்களின் நாடாக இருந்த எங்கள் பகுதி தாய்த்தமிழகத்தோடு சேரவேண்டும் என்று 1954 ஆகஸ்ட் 11-இல் கூடியவர்கள்மேல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. அன்றைக்கு ஓடிவந்து வாழைத்தோட்டத்தில் ஒளிந்தவர்களில் என் தாத்தாவும் ஒருவர். அப்போது ஆட்சி ராஜாவுடையது அல்லவே என்றால் அம்மைக்கு அந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. அதற்கும் முந்தின கணக்கு ஒன்று அவளிடம் இருக்கிறது. தோளில் சீலை போட எங்கள் பெண்கள் வருஷக்கணக்காக அடிபட்ட பிறகு, 1859 ஜூலை 26-இல் ராஜா விளம்பரம் போட்டபோதும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் போட்டார். அம்மை இதை நேற்று நடந்ததுபோலச் சொல்வாள். நான் பள்ளிக்கூடத்தில் படித்ததுபோலக் கேட்பேன்.

ஆனாலும் போனோம். பத்மநாபசுவாமி கோயிலின் பங்குனித் திருவிழா பத்து நாள். ஒன்பதாம் நாள் ராத்திரி ராஜா வேட்டைக்குப் போகும் பள்ளிவேட்டை, பத்தாம் நாள் சங்குமுகம் கடலில் சாமி குளிக்கும் ஆறாட்டு. எட்டாம் நாள் மத்தியானமே கரமனையில் சித்தி மகள் வீட்டில் பையை இறக்கிவிட்டு கிழக்கு நடைக்கு வந்தாயிற்று. கோயிலின் நிலவறையைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. பிள்ளைகளுக்கு அதில் அக்கறையே இல்லை. அவர்கள் பார்த்தது வெளியே நிற்கும் பாண்டவர்களை.

கண்ணாடியிழையில் செய்த ஐந்து ராட்சதப் பொம்மைகள். திருவிழாவுக்கு மட்டும் வந்து நிற்கும். மழைக்கடவுள் இந்திரனைக் குளிர்விக்க என்று நம்பிக்கை. மகள் ஒவ்வொருவராக யார் யாரென்று கேட்டுவந்தாள். மகன் பீமனைப் பார்த்ததோடு என் சேலைக்குள் புகுந்தவன்தான், வெளியே வரவில்லை. சாயங்காலம் வேலகளி. செந்நிறத் தலைக்கட்டு கட்டி, ஒரு கையில் பரிசையும் மறு கையில் பிரம்பும் பிடித்தவர்கள் வரிசையாக வந்து குதித்தும் குனிந்தும் ஆடினார்கள். இவர்கள்தான் கௌரவர்கள். அந்தப் பெரிய பீமனிடம் தோற்று ஓடுவதற்கென்றே ஆடுகிறார்கள். அம்பலப்புழைப் பக்கத்தில் செம்பகச்சேரி ராஜாவின் படைக்குப் பயிற்சியாக இருந்த ஆட்டமாம் இது. இந்தப் பக்கத்து ராஜா மார்த்தாண்ட வர்மா அந்த நாட்டைப் பிடித்த பிறகு இங்கே வந்ததாகச் சொல்கிறார்கள். தோற்ற நாட்டுக்காரனின் சண்டைப் பயிற்சி ஜெயித்தவன் வாசலில் தோற்கும் ஆட்டமாகிப் போனதை நினைத்துக்கொண்டு நின்ற நேரத்தில் மகன் சேலைக்குள்ளிருந்து கேட்டான், "பீமன் எறங்கி வந்தா நம்மகிட்ட என்ன இருக்கு?"

நியாயமான கேள்வி. நூற்றிருபது ரூபாய்க்கு ஒரு பிளாஸ்டிக் வாள் வாங்க வேண்டியதாயிற்று. பிடியில் ஒரு பொத்தான். அழுத்தினால் சிவப்பு லைட் எரிந்து ஆம்புலன்ஸ் சத்தம் போடும். அரசர் காலத்து வாளுக்கு ஆம்புலன்ஸ் எதற்கு என்று கடைக்காரரிடம் கேட்டேன். "குத்தினா ஆஸ்பத்திரி வேண்டே?" என்றார்.

அந்த வாள் எப்பேர்ப்பட்ட தவறு என்பது மறுநாள் ராத்திரிதான் தெரிந்தது. பள்ளிவேட்டை ஊர்வலம் கோயிலிலிருந்து வேட்டைக்களத்துக்குப் போவது சத்தமே இல்லாமல். சங்கு, மேளம், ஒன்றும் கிடையாது, மிருகம் உஷாராகிவிடுமாம். சித்தி மகள் இதை என்னிடம் சொன்னது, கோட்டைக்குள் சுந்தரவிலாசம் அரண்மனைப் பக்கம் கூட்டத்தில் மாட்டிக்கொண்டபின். திரும்பிப் போகவும் வழியில்லை. நாலு வயசுப் பையன், கையில் ஆம்புலன்ஸ்.

"மோளே, இவிடெ இரிக்கு" என்று ஒரு குரல். ஒரு பழைய வீட்டின் நடைப்படியில் அறுபது அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா நகர்ந்து இடம்விட்டாள். வெளுத்த முண்டும் நேரியதும், நெற்றியில் சந்தனக்கீற்று. நான் உள்ளூர ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன்: கோட்டைக்குள் வீடு, இந்த உடை, இந்தச் சந்தனம். இவள் யாரென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். என் முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது. படியின் ஓரத்தில் பாதி உட்கார்ந்தேன்.

"வீடு எவிடெயா?"

"மார்த்தாண்டம்."

"ஓ, நம்முடெ ஆளுகள் தன்னே" என்றாள் சந்தோஷமாக.

நம்முடெ. 1956 நவம்பர் 1-ஆம் தேதியோடு எங்கள் பக்கம் தமிழ்நாடாகிவிட்டது, எழுபது வருஷம் ஆகப்போகிறது. யாருடைய 'நம்முடெ' என்று கேட்க வாய்வரை வந்தது. அதற்குள் அவள் மகனின் வாளைப் பார்த்துவிட்டாள். பார்த்தவள், எதுவும் பேசாமல் வாளைத் திருப்பி, பிடியின் அடியிலிருந்த மூடியை நகத்தால் நெம்பி, இரண்டு பேட்டரியையும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். பேரப்பிள்ளைகளைக் கண்டவள். மகன் அழ வாயெடுத்தான். அவள் தன் உதட்டில் விரல் வைத்து, "ஷ்ஷ்... ராஜாவு வருந்நு" என்றாள்.

அப்போதுதான் தெருவே அடங்கியது. அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. எங்கள் ஊர்த் திருவிழா என்றால் குழாய் ஒலிபெருக்கியும் வெடியும்தான். சத்தம் நின்றால் மின்சாரம் போய்விட்டது என்று அர்த்தம். இங்கே ஆயிரக்கணக்கானவர்கள் தாங்களாகவே வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். வெறுங்கால்கள் தார்ரோட்டில் படும் ஓசை மட்டும் முதலில் வந்தது. பிறகு எண்ணெய் எரியும் வாசனை. ஒரு வாகனம் தோள்களின்மேல் மெல்ல அசைந்து போனது. யாரோ தும்மலை அடக்கினார்கள். ராஜாவை நான் பார்த்தேன் என்று சொன்னால் பொய். தலைகளுக்கு மேலே ஒரு வில்லின் நுனி போனதைப் பார்த்தேன், அவ்வளவுதான். மகளை நிமிர்த்திப் படிமேல் நிற்கவைத்திருந்தேன். அவள் மூச்சுவிடுகிறாளா என்று தொட்டுப் பார்த்தேன்.

ராஜா வேணும் என்று வீட்டையே இரண்டாக்கிய மகன், அந்த அம்மாவின் மடியில் தூங்கிப் போயிருந்தான்.

அம்பு விட்ட சத்தமும் எங்களுக்குக் கேட்கவில்லை. திடீரென்று சங்கு ஊதி, மேளம் ஒரேயடியாக வெடித்தபோதுதான் வேட்டை முடிந்தது தெரிந்தது. மகன் அலறிக்கொண்டு எழுந்து முதல் காரியமாக வாளின் பொத்தானை அழுத்தினான். ஒன்றும் வரவில்லை. அந்தத் துரோகத்தை அவன் இன்னும் மறக்கவில்லை.

மகளுக்கு வேறு பிரச்சினை. "ராஜா எதக் கொன்னாரு?"

"இளநிய."

அவள் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தாள். "இளநி என்ன தப்பு செஞ்சுது?"

தீமைக்கு அடையாளமாக அதை வைக்கிறார்கள் என்று விளக்கினேன். எடுபடவில்லை. பிறகு ராஜா எந்த வீட்டில் இருக்கிறார், அவர் சொன்னால் போலீஸ் கேட்குமா என்று தொடங்கினாள். ராஜாக்களுக்கு இருந்த பட்டமும் மானியமும் 1971-லேயே போய்விட்டன, கோயிலில் அந்தக் குடும்பத்துக்கு உள்ள உரிமையை உச்ச நீதிமன்றம் 2020-இல் ஒப்புக்கொண்டது என்று ஏழு வயசிடம் எப்படிச் சொல்வது? மார்த்தாண்ட வர்மா 1750 ஜனவரியில் நாட்டையே பத்மநாபனுக்கு எழுதிவைத்துவிட்டார், அதிலிருந்து ராஜாக்கள் சாமிக்கு வேலை பார்க்கிறவர்கள் என்று மட்டும் சொன்னேன். தங்கச்சி பிள்ளைகள் பார்த்த ராஜா வாரக்கடைசியில் சம்பளத்துக்கு நடிக்கிறவர். திங்கள்கிழமை அவருக்கு வேறு பெயர். இவர் மறுநாளும் இவர்தான். அந்த வித்தியாசம் என் மகளுக்குப் பெரிதாகப் படவில்லை. அவள் கேட்டது இது: "அந்தக் காலத்துல இருந்தா நாம இங்க நின்னிருப்போமா?"

"நின்னிருக்க மாட்டோம்."

"ஏன்?"

"இந்தத் தெருவுல நம்மள விடமாட்டாங்க. கோயிலுக்குள்ள விட்டதே 1936-லதான்."

"யாரு விடமாட்டாங்க?"

நான் பக்கத்திலிருந்த அம்மாவைப் பார்க்காமலிருக்க முயன்றேன். அவளுக்குத் தமிழ் புரியும் என்று அப்போதுதான் உறைத்தது. கரமனை, வலியசாலை, கோட்டை, எங்கே தொட்டாலும் தமிழ் காதில் விழுகிற ஊர் இது. அவள் என் மகளின் கன்னத்தைத் தொட்டு, "எங்களெயும் விட்டிருந்நில்லா, மக்களே" என்றாள். பிறகு என்னிடம், கதவைக் காட்டி, "இது என்றெ வீடல்லா. இவிடுத்தெ அம்மை கிடப்பிலா. ஞான் நோக்கான் வருந்நதா."

படுத்த படுக்கையாக இருக்கும் வீட்டுக்காரிக்கு மேளச்சத்தம் கேட்டிருக்கும், போய்ப் பார்க்க வேண்டும் என்று எழுந்தாள். போகும்போது மகனிடம் வாளைக் கேட்டு வாங்கி, தன் தோளில் ஒருமுறை வைத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். நான் அவள் பெயரைக் கேட்கவில்லை. அரை மணி நேரம் அவள் படியில், அவள் படி என்று நினைத்துக்கொண்டு, ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தேன், முழுசாக உட்கார்ந்திருக்கலாம்.

ஆறாட்டைப் பார்க்க நிற்கவில்லை. ஊர்வலம் கடலுக்குப் போகும் பாதை விமான நிலையத்தின் ஓடுபாதையைத் தாண்டிப் போகிறது. 1932-இல் விமான நிலையம் வருவதற்கு முன்பே சாமி போன வழி என்பதால், வருஷத்தில் இரண்டு ஆறாட்டுக்கும் சில மணி நேரம் ஓடுபாதையை மூடுகிறார்கள். அப்பா ஏறுகிற விமானத்தை ராஜா நிறுத்துவாரா என்று மகன் கேட்டான். நிறுத்துவார் என்றேன். அப்பா போகிற அன்றைக்கு ராஜாவைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு பஞ்சுமிட்டாய் வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றினேன்.

களியக்காவிளையில் பஸ் மாறும்போது நல்ல வெயில். ரோட்டோரத்தில் ஒருவர் இளநி குவித்து வைத்திருந்தார். மூன்று வெட்டச் சொன்னேன். முதல் காயை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு அவர் அரிவாளை ஓங்கினார். பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன, கண்டக்டர் "நாரோயில் நாரோயில்" என்று கத்திக்கொண்டிருந்தார். மகள் உதட்டில் விரலை வைத்து, அவரைப் பார்த்து, "ஷ்ஷ்" என்றாள்.

அவர் ஓங்கிய கையோடு நின்றுவிட்டார்.