பத்தாம் எண் சட்டை

2005-ஆம் ஆண்டு ஆகஸ்டில், டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்காக ஆஸ்டின் நகருக்கு வந்து ஒரே வீட்டில் குடியேறிய நாங்கள் நால்வரும், கிரிக்கெட்டைத் தவிர வேறெதையும் விளையாட்டென்று ஒப்புக்கொள்ளாதவர்கள். பெரும்பாலும் கையால் ஆடப்படுகிற ஒன்றுக்குக் கால்பந்து என்று பெயர் சூட்டிய மக்களைப் பற்றி எங்களுக்கு உயர்ந்த அபிப்பிராயமும் இல்லை. சனிக்கிழமைகளில் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர், செங்காவிக்கு நெருங்கிய ஓர் ஆரஞ்சு நிறச் சட்டையணிந்து மைதானத்தை நோக்கி நடப்பார்கள். அடுத்த ஊர்த் தேரை வேடிக்கை பார்ப்பவர்களைப் போல நாங்கள் ஓரமாக ஒதுங்கி நிற்போம்.

ஆட்டத்தின் இலக்கணம் பிடிபட ஒரு மாதம் ஆயிற்று. நான்கு முயற்சிகளில் பத்து கஜம் முன்னேற வேண்டும். தவறினால் பந்து எதிரணிக்குப் போய்விடும். இவ்வளவுதான். இந்த 'நான்காவது முயற்சி' என்பதில்தான் ஆட்டத்தின் உயிர் இருக்கிறது என்பதை நாங்கள் பின்னர்தான் உணர்ந்தோம்.

எங்களை உள்ளே இழுத்தவர் பத்தாம் எண் சட்டையணிந்த வின்ஸ் யங். ஹூஸ்டன் நகரிலிருந்து வந்த கறுப்பின இளைஞர். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக். செப்டம்பர் 10 அன்று ஒஹையோ ஸ்டேட் அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 25-22 என்று வென்றபோது, அறையில் புத்தகத்தோடு இருந்த நண்பர்கூட எழுந்து வந்துவிட்டார். ஐந்து ஆண்டுகளாகத் தோற்றுக்கொண்டிருந்த ஓக்லஹோமாவிடம் அக்டோபரில் 45-12 என்று கணக்குத் தீர்க்கப்பட்டது. அம்மாத இறுதியில் ஓக்லஹோமா ஸ்டேட் அணியிடம் பாதி ஆட்டத்தில் 12-28 என்று பின்தங்கியிருந்து 47-28 என்று வென்றார்கள். யங் 80 கஜ தூரம் தனியாக ஓடிய அந்த ஓட்டத்தைக் கண்டபின் கிரிக்கெட் பற்றிய பேச்சு எங்கள் வீட்டில் குறைந்துபோயிற்று.

நவம்பரில் நால்வரும் பணம் போட்டு ஒரு பத்தாம் எண் சட்டை வாங்கினோம். எங்கள் ஒரு வார மளிகைச் செலவு அதில் கரைந்தது. முதுகில் எண் மட்டும் இருந்தது, பெயர் இல்லை. கல்லூரி ஆட்டக்காரரின் பெயரைப் போட்டு விற்க அன்றைய விதிகள் இடம் தரவில்லை. எண்ணை விற்கலாம், அதில் ஒரு காசும் அவருக்குப் போகாது. உதவித்தொகையும் படிப்புச் செலவும் மட்டுமே அவருக்குரியவை. பயிற்சியாளர் மேக் பிரவுனின் ஆண்டு வருமானமோ இருபது லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது. இந்தக் கணக்கு அன்று எங்களை உறுத்தவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

2006 ஜனவரி 4. பாஸடினாவின் ரோஸ் பௌல் மைதானத்தில் இறுதிப் போட்டி. எதிரே, தொடர்ந்து 34 ஆட்டங்களை வென்றிருந்த தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக அணி. விடுமுறைக்கு ஊர் போகப் பணமில்லாத நாங்கள், பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் சாம்பார் சாதத்தோடு அமர்ந்திருந்தோம். ஆறே முக்கால் நிமிடங்கள்கூட இல்லாத நிலையில் கணக்கு 38-26. ஒருவர் தட்டுகளைக் கழுவ எடுத்துக்கொண்டு போனார். யங் ஒரு டச்டவுன் எடுத்து 38-33 ஆக்கினார். இரண்டு நிமிடம் சொச்சம் இருக்கையில் எதிரணிக்கு நான்காவது முயற்சி, தேவை இரண்டு கஜம். பந்தை உதைத்துத் தொலைவுக்கு அனுப்பாமல் முட்டிப் பார்க்கத் துணிந்தார்கள், தடுக்கப்பட்டார்கள். அவ்வாண்டின் ஹைஸ்மன் விருதை வாங்கிய ரெஜ்ஜி புஷ் அந்த முயற்சியின்போது களத்திலேயே இல்லை. அந்த முடிவை நாங்கள் இன்றும் விவாதிக்கிறோம்.

பிறகு இன்னொரு நான்காவது முயற்சி, இம்முறை எங்கள் பக்கம். ஐந்து கஜம் வேண்டும். 26 விநாடிகள் மீதம். எறிய ஆளில்லாமல் யங் வலப்புறமாக ஓடி, எவர் கையும் படாமல் எல்லையைக் கடந்தார். 41-38. முதல் பாதியில் யங்கின் முழங்கால் தரையைத் தொட்ட பின்னர் கைமாறிய பந்தில் ஒரு டச்டவுன் கிடைத்ததையும், நடுவர்கள் அதன் ஒளிப்பதிவைப் பரிசீலிக்காததையும் அன்றிரவு எவரும் பேசவில்லை.

பல்கலைக்கழகக் கோபுரம் ஆரஞ்சு ஒளியில், ஜன்னல் விளக்குகளால் ஆன '1' என்ற எண்ணோடு நின்றது. குவாடலூப் தெருவில் முகமறியாத மனிதர்கள் எங்களைக் கட்டித் தழுவினார்கள். நண்பர் ஒருவர் அங்கிருந்தே சென்னைக்குத் தொலைபேசினார். அங்கே காலை நேரம்.

"அப்பா, நாம ஜெயிச்சுட்டோம்!"

"யாருடா நாம? நீ எப்போ விளையாடினே?"

நாங்கள் சிரித்தோம். ஆனால் கேள்வி நியாயமானது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் அடங்கிவிடுவதைத் தமிழ் 'நாம்' என்றும் 'நாங்கள்' என்றும் பிரித்துவிடுகிறது. அந்த 'நாம'வில் அப்பாவும் இருந்தார். தெருவில் தழுவியவர்களும் இருந்தார்கள். யங் இருந்தாரா? இதே பல்கலைக்கழகம் 1969-இல் வாகை சூடியபோது அணியில் ஒரு கறுப்பினத்தவரும் இல்லை. அவ்வாறு வென்ற கடைசி தேசிய சாம்பியன் அணி அதுவே. 2005-இல் அவர் இல்லாமல் வெற்றியே இல்லை என்றாயிற்று. ஆனால் அவரால் வந்த வருமானத்தில் மட்டும் அவருக்குப் பங்கில்லை.

அதே மாதம் யங் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டார். 2013-இல் திரும்பி வந்து பட்டம் பெற்றார். வெளியாரிடமிருந்து சலுகைகள் பெற்றதற்காக விருதை 2010-இல் விட்டுக்கொடுத்த புஷ்ஷுக்கு 2024-இல் அது திரும்பக் கிடைத்தது. 2021 முதல் ஆட்டக்காரர்கள் தம் பெயரால் சம்பாதிக்கலாம். 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்களே அவர்களுக்கு வருமானத்தில் பங்கு தரலாம். இதனால் விளையாட்டு கெட்டுவிட்டது என்று எங்களில் ஒருவர் கடந்த ஆண்டு சொன்னபோது மற்ற மூவரும் அவரை விடவில்லை. அந்தச் சட்டை இன்று அவரிடம்தான் இருக்கிறது. நிறம் மங்கிவிட்டதாம், அவருடைய மகள் அதைப் போட்டுக்கொண்டு தூங்குகிறாள்.