பாலத்துக்கு அந்தப் பக்கம்!

திருச்சி ஜங்ஷனில் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறுங்கள். காவிரிப் பாலம் தாண்டினால் பூமியே வேற! ஸ்ரீரங்கம், காவிரியும் கொள்ளிடமும் கொண்டாந்து கொட்டின மணல் தீவு. கையாலேயே போர் இறக்கி, துளை போட்ட ஃபில்டர் குழாய் வைத்தால் வேலை முடிந்தது.

ஆபீஸ் நண்பருக்கு அங்கே மாமனார் வீடு. 40 அடியில் தண்ணீர். "இதுவும் திருச்சிதானே சார்?" என்று கே.கே.நகர் மனைக்கும் அதே கணக்கில் பணம் எடுத்து வைத்தார். இங்கேயோ கீழே மலைக்கோட்டையின் பங்காளிப் பாறை! கம்ப்ரஸர் லாரி வந்து அலறியது. பாறையில் தண்ணீர் வெடிப்பில்தான் ஓடும். அது சிக்காவிட்டால் பாதாளம் போனாலும் புழுதிதான். கூலியோ அடிக் கணக்கு. 300 அடி வரை மாவு மாதிரி பறந்தது; 340-ல் ஒரு வழியாக ஈரம்.

மறுநாள் மெதுவாகக் கேட்டார்: "சார், பி.எஃப். லோன் எத்தனை நாளில் வரும்?"