39 மணி நேரம்

அமெரிக்க அதிபர் கென்னடி என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது டல்லாஸ் நகரமும் அந்தத் துப்பாக்கிச் சூடும்தான். 1963 நவம்பர் 22. ஆனால் அதற்கு மூன்றரை மாதம் முன்னால் அதே குடும்பத்தில் இன்னொரு மரணம் நடந்தது. பலருக்குத் தெரியாத மரணம். இறந்தவரின் பெயர் பேட்ரிக் பூவியே கென்னடி. வயது 39 மணி நேரம்.

1963 ஆகஸ்ட் 7, புதன்கிழமை. ஜாக்குலின் கென்னடி கோடை விடுமுறைக்காக மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேப் காட் கடற்கரையில் தங்கியிருந்தார். வயிற்றில் ஏழரை மாதம் தாண்டிய குழந்தை. அன்று காலை மகள் கரோலினைக் குதிரையேற்ற வகுப்புக்குக் கூட்டிப் போயிருந்தார். அங்கேதான் வலி ஆரம்பித்தது.

அது அவருக்குப் புதிய பயம் இல்லை. 1955-ல் ஒரு கரு கலைந்தது. 1956-ல் அவசர சிசேரியன் செய்தும் பெண் குழந்தை இறந்தே பிறந்தது. 1957-ல் கரோலின், சிசேரியன். 1960-ல் ஜான், அதுவும் அவசர சிசேரியன். பிறந்ததும் இன்குபேட்டரில் வைத்திருந்தார்கள். அதனால் இந்த முறை எல்லாம் முன்கூட்டியே திட்டமிடப்பட்டிருந்தது. செப்டம்பரில் வாஷிங்டன் ராணுவ மருத்துவமனையில் ஆபரேஷன். ஒருவேளை முன்னதாக வலி வந்துவிட்டால் என்று, பக்கத்தில் இருந்த ஓட்டிஸ் விமானப்படைத் தளத்தின் மருத்துவமனையிலும் இடம் தயாராக இருந்தது. அவருடைய டாக்டரும் அருகிலேயே தங்கியிருந்தார்.

ஹெலிகாப்டர் வந்தது. ஓட்டிஸில் உடனே சிசேரியன். மதியம் 12.52-க்கு ஆண் குழந்தை பிறந்தது. ஐந்தரை வாரம் முன்னதாக. எடை 2.1 கிலோ. வெள்ளை மாளிகையில் இருந்த கென்னடி விமானம் பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. 19-ம் நூற்றாண்டுக்குப் பிறகு, பதவியில் இருக்கும் ஓர் அமெரிக்க அதிபருக்குக் குழந்தை பிறந்தது அப்போதுதான்.

2.1 கிலோ என்பது அப்படி ஒன்றும் பயப்படவேண்டிய எடை இல்லை. கை, கால், இதயம் எல்லாம் சரியாக இருந்தன. மூச்சுதான் சரியாக இல்லை. குழந்தை திணறிக்கொண்டே இருந்தது. விமானப்படைத் தளத்தின் பாதிரியார் அவசரமாக ஞானஸ்நானம் கொடுத்தார். இன்குபேட்டரில் வைத்து, தாயின் அறைக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். பிறகு ஆம்புலன்ஸில் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த ஜாக்குலினால் கூடப் போக முடியவில்லை.

டாக்டர்கள் சொன்ன நோயின் பெயர் ஹயலைன் மெம்பரேன் நோய். குறைமாதக் குழந்தைகளை அதிகமாகக் கொன்ற நோய்களில் ஒன்று.

அது என்ன நோய்? ஒரு புது பலூனை ஊதிப் பாருங்கள். முதல் ஊதலுக்குத்தான் கன்னம் வலிக்கும். கொஞ்சம் விரிந்துவிட்டால் பிறகு சுலபம். நம் நுரையீரலும் கோடிக்கணக்கான குட்டி பலூன்கள் சேர்ந்ததுதான். உள்பக்கம் ஈரமாக இருக்கும். தண்ணீரின் பரப்பு இழுவிசை அந்த பலூன்களைச் சுருக்கி மூடப் பார்க்கும். சுருங்காமல் தடுப்பது, நுரையீரல் தானே சுரக்கும் ஒரு வழவழப்பான பொருள். பெயர் சர்ஃபக்டன்ட். தண்ணீரில் சோப்பு செய்கிற வேலையை அது நுரையீரலுக்குள் செய்கிறது. கருவில் இருக்கும் குழந்தைக்கு இது போதுமான அளவு சேர ஏறத்தாழ 35 வாரம் ஆகும். பேட்ரிக் பிறந்தது 34-வது வாரத்தை ஒட்டி.

சர்ஃபக்டன்ட் போதாத குழந்தைக்கு ஒவ்வொரு மூச்சும் முதல் மூச்சுதான். ஒவ்வொரு முறையும் புது பலூனை ஊதவேண்டும். நிமிடத்துக்கு அறுபது, எழுபது முறை. எவ்வளவு நேரம் தாங்கும்?

இதில் இன்னொரு கொடுமை உண்டு. குழந்தை பிறந்து இரண்டு மூன்று நாளில் நுரையீரல் தானாகவே சர்ஃபக்டன்ட் சுரக்க ஆரம்பிக்கும். அந்த இரண்டு மூன்று நாளைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் பிழைத்துவிடும். பேட்ரிக்குக்குத் தேவைப்பட்டது அந்த அவகாசம் மட்டும்தான்.

பாஸ்டனில் அவர்கள் கையில் இருந்ததை எல்லாம் செய்து பார்த்தார்கள். கடைசியாக ஒரு பெரிய எஃகு அறைக்குள் குழந்தையை வைத்தார்கள். உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டி, அதன் மூலம் ரத்தத்தில் ஆக்சிஜனை ஏற்றும் முயற்சி. குழந்தைகளின் இதய ஆபரேஷனுக்காக வைத்திருந்த அறை அது. கொஞ்சம் நம்பிக்கை வந்தது. பிறகு அதுவும் போனது.

கென்னடி மருத்துவமனையிலேயே தங்கினார். 9-ம் தேதி அதிகாலையில் அவரை எழுப்பினார்கள். 4.04 மணிக்குக் குழந்தை இறந்தபோது அதன் குட்டி விரல்களைப் பிடித்தபடி பக்கத்தில் இருந்தார். உலகத்தின் அணுகுண்டுகளில் பாதிக்கும் மேல் அந்த மனிதரின் உத்தரவுக்குக் காத்திருந்த காலம் அது. கியூபா ஏவுகணை நெருக்கடி முடிந்து பத்து மாதம்தான் ஆகியிருந்தது. பணம், பதவி, ஹெலிகாப்டர், நாட்டின் சிறந்த டாக்டர்கள்... எதற்கும் குறைவில்லை. ஆனால் அவர் மகனுக்குத் தேவையான மருந்து அன்று உலகத்திலேயே இல்லை. இல்லாத மருந்தை யார் வாங்கித் தரமுடியும்?

மறுநாள் நடந்த இறுதிச் சடங்குக்கும் ஜாக்குலினால் வர முடியவில்லை. அவர் இன்னும் மருத்துவமனையில் இருந்தார்.

சரி, மருந்துதான் இல்லை. நோயின் காரணமாவது தெரிந்திருந்ததா என்றால்... தெரிந்திருந்தது! அதுவும் அதே பாஸ்டனில், நான்கு வருடத்துக்கு முன்பே.

மேரி எலன் ஏவரி என்ற இளம் பெண் டாக்டர். மருத்துவப் படிப்பு முடித்த கையோடு அவருக்குக் காசநோய் வந்தது. அதிலிருந்து நுரையீரல் மேல் ஓர் ஆர்வம். இந்த நோயால் இறந்த குழந்தைகளின் நுரையீரலில் நுரையே இல்லை என்பதைக் கவனித்தார். மற்ற நுரையீரல்களில் நுரை இருக்கிறது, இதில் மட்டும் ஏன் இல்லை? இந்தச் சின்னக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போய், ஹார்வர்டில் ஜெரி மீட் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து 1959-ல் விடையை வெளியிட்டார். அந்தக் குழந்தைகளிடம் சர்ஃபக்டன்ட் போதவில்லை.

ஆனால் காரணம் தெரிவது வேறு, வைத்தியம் தெரிவது வேறு. நடுவில் இருந்த தூரம் நீண்டது.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கிரஹாம் லிகின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர், பிரசவ வலி எதனால் தொடங்குகிறது என்று ஆடுகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். கருவில் இருக்கும் ஆட்டுக்குட்டிக்கு ஸ்டீராய்டு கொடுத்தார். குட்டி சீக்கிரமாகப் பிறந்தது. அவ்வளவு குறைமாதத்தில் பிறந்த குட்டி செத்திருக்க வேண்டும். ஆனால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது! ஸ்டீராய்டு அதன் நுரையீரலை முன்னதாகவே பழுக்க வைத்துவிட்டது. தேடியது ஒன்று, கிடைத்தது ஒன்று. இதை 1969-ல் எழுதினார். பிறகு ராஸ் ஹோவி என்ற குழந்தை மருத்துவரோடு சேர்ந்து 282 தாய்மார்களிடம் சோதித்து 1972-ல் முடிவை வெளியிட்டார். ஊசி போடப்படாத தாய்மார்களின் குழந்தைகளில் 15 சதவீதம் முதல் வாரத்திலேயே இறந்தன. போடப்பட்டவர்களின் குழந்தைகளில் 3.2 சதவீதம்.

இதைப் படித்ததும் எல்லா டாக்டர்களும் மறுநாளே ஊசியைக் கையில் எடுத்திருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டம் போட்டு இதைத் தாராளமாகப் பயன்படுத்தச் சொன்னது 1994-ல். இடையில் 22 வருடம்! மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் காக்ரேன் அமைப்பின் சின்னத்தில் உள்ள கோடுகள் இந்த ஊசியைப் பற்றிய ஏழு ஆய்வுகளைத்தான் குறிக்கின்றன. ஆதாரம் கண்முன்னே கிடந்தும் காலதாமதம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நிரந்தர ஞாபகச் சின்னம்.

ஊசி வேலை செய்ய ஒரு நாளாவது வேண்டும். பேட்ரிக்கின் தாய்க்கு அன்று இருந்தது சில மணி நேரம்தான். அதனால் அந்த ஊசி மட்டும் இருந்திருந்தால் போதாது. அவசர சிசேரியனில் இதுதான் சிக்கல், அவகாசமே இருக்காது. அதற்கும் வழி பிறந்தது. 1971-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரிகரி, குழந்தையின் சுவாசப் பாதையில் காற்றழுத்தத்தை விடாமல் வைத்து பலூன்கள் மூடாமல் பார்த்துக்கொள்ளும் முறையைக் காட்டினார். 1980-ல் ஜப்பானில் ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலில் இருந்து தயாரித்த சர்ஃபக்டன்ட்டைக் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் நேரடியாகச் செலுத்திக் காப்பாற்றினார். 1990-ல் அமெரிக்காவும் சர்ஃபக்டன்ட் மருந்துக்கு அனுமதி கொடுத்தது.

இன்று நல்ல வசதி உள்ள மருத்துவமனையில் 34 வாரத்தில் பிறக்கும் குழந்தை பெரும்பாலும் பிழைத்து வீட்டுக்குப் போய்விடும். கொஞ்ச நாள் மூக்கில் குழாய், கண்ணாடிப் பெட்டி, வெளியே தூங்காத அப்பா, தையல் வலியோடு நடந்து வந்து எட்டிப் பார்க்கும் அம்மா. அவ்வளவுதான். ஸ்டீராய்டு ஊசியோ மிக மலிவானது. ஆனாலும் உலகத்தில் பல இடங்களில் அது இன்னும் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. 1963-ல் அதிபரின் மகனுக்கு இல்லாதது, இன்று ஏழையின் மகனுக்கு மட்டும் இல்லாமல் போவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

ஒரு விஷயம் சொல்லி முடிக்கலாம். 1974-ல் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனைக்குத் தலைமை மருத்துவராக முதன்முதலில் ஒரு பெண் வந்தார். மேரி எலன் ஏவரி. பேட்ரிக் இறந்த அதே மருத்துவமனை.

பேட்ரிக்கின் உடல் 1963 டிசம்பரில் ஆர்லிங்டன் கல்லறைக்கு மாற்றப்பட்டது. அப்பாவுக்குப் பக்கத்தில். 1956-ல் இறந்து பிறந்த அக்காவும் அங்கேதான் இருக்கிறாள். 1994-ல் அம்மாவும் அங்கே வந்து சேர்ந்தார்.