கேசரியும் ஒரு சொற்பொழிவும்

நவம்பர் 14 குழந்தைகள் தினம் என்பதை நாம் நெடுநாளாக அறிவோம். அதுவே உலக நீரிழிவு நாள் என்பதையும், இன்சுலினைக் கண்டறிந்தோருள் ஒருவரான பான்டிங் பிறந்த நாள் என்பதையும் சென்ற ஆண்டு தில்லியில் நம் குடியிருப்பில் நடந்த சொற்பொழிவில்தான் அறிந்தோம். மருத்துவர் எடுத்துரைக்க, அனைவரும் தலையசைத்தோம். கூட்டம் முடிந்ததும் நெய் சொட்டும் கேசரியும் காப்பியும் வந்தன. மருத்துவர் ஒருவரே மறுத்தார்.

மறுநாள் வெறும் வயிற்றில் சோதித்ததில் நமக்குச் சர்க்கரை 118 மில்லிகிராம். 100க்கும் 126க்கும் இடைப்பட்டது நோயின் வாயிற்படி என்றார்கள். நமக்கு ஊரிலிருந்த தந்தையாரின் நினைவு வந்தது. மாத்திரை இருக்கையில் பத்தியம் எதற்கு என்பது அவர் கொள்கை. ஒரு சிறு புண் அவர் கால்விரல்கள் இரண்டைக் கொண்டு போயிற்று.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வெளிவந்தது. அதன் கணக்கில் நாட்டில் நீரிழிவாளர் 10 கோடிக்கு மேல். வாயிற்படியில் நிற்போர் 13 கோடிக்கு மேல். இவர்களுக்கு நம்பிக்கை தருவது சென்னை மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வு. இத்தகைய 531 பேரை அவர்கள் மூன்றாண்டுகள் கவனித்தனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றோருள் நூற்றுக்கு 55 பேர் நோயுற்றனர். உணவைத் திருத்தி, நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடக்குமாறு இடைவிடாது நினைவூட்டப்பெற்றோருள் 39 பேரே நோயுற்றனர். மாத்திரையும் ஏறத்தாழ இதே பயனைத்தான் தந்தது.

ஆக, வேண்டுவது ஓயாத நினைவூட்டல். ஆண்டுக்கொரு சொற்பொழிவு காப்பியோடு கரைந்துவிடுகிறது. நம் இல்லத்தில் அப்பணியை மகள் ஏற்றாள். "அப்பா, இன்றைக்கு நடந்தாயிற்றா?" என்று மாலைதோறும் கேட்கிறாள். குளிர்கால நண்பகலில் அலுவலகப் புல்வெளியில் வெயில் காய்ந்து வேர்க்கடலை கொறித்த நாம், இப்போது அதே புல்வெளியைச் சுற்றி நடக்கிறோம். இரவுச் சோறு இரண்டு சப்பாத்தியும் நிறையக் காய்கறியும் ஆயிற்று.

கடினமானது ஒன்றே. ஊரை விட்டு வந்த நமக்கு இனிப்பென்பது ஊரின் மணம். விருந்தினர் தட்டில் அதை வைக்காவிடில் அன்பு குறைந்ததாக எண்ணுகிறோம். அவ்வெண்ணம் மாற நாளாகும்.

இவ்வாண்டுச் சோதனையில் 109. வாயிற்படியை விட்டு இன்னும் இறங்கவில்லை, இறங்கிக்கொண்டிருக்கிறோம். அடுத்த கூட்டத்தில் கேசரிக்கு மாறாகச் சுண்டல் வழங்க ஆவன செய்யுமாறு செயற்குழுவினரைப் பணிவுடன் வேண்டுகிறோம்.