மலைக்காரன் என்று சொல்லு

ஆடலூர்,
ஞாயிறு ராத்திரி

தம்பி முருகேசா,

நீ அட்மிட் ஆகிவிட்டாய் என்று கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மலம் தார் மாதிரி கருப்பாகப் போகிறதை மூடிவைத்து, இரும்புச்சத்து மாத்திரையால்தான் என்று நீயே வைத்தியனாகிவிட்டாயே, உன்னை என்ன செய்தால் தகும்? உனக்குள் இருப்பது அம்மா கொடுத்த கிட்னிடா. போனில் மீதியைச் சொல்வதற்குள் டவர் போய்விட்டது. செல்வம் காலை பஸ்ஸில் கீழே இறங்குகிறான், அவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

எண்டோஸ்கோப்பியில் இரைப்பையில் புண் இல்லை என்றார்களாம். அதற்காக, முதுகுவலிக்குக் கடையில் வாங்கி முழுங்கினாயே, அந்த மாத்திரையை டாக்டரிடம் ஒளிக்காதே. குடலையும் அரிக்கும், கிட்னியையும் கெடுக்கும். சைட்டோமெகலோ வைரஸ், குடல் காசநோய், நீ சாப்பிடும் மைக்கோஃபினோலேட்டே கிளப்பும் குடல்புண், இதெல்லாம் அவர்களே தேடுவார்கள்.

இத்தனை வருஷம் நர்ஸாக இருந்தவளுக்கு உறுத்துவது வேறு. ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்று ஒரு புழு. ஈர மண்ணிலிருந்து வெறுங்கால் தோல் வழியாக ஏறி, ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு வந்து, எச்சிலோடு குடலில் இறங்கிவிடும். உள்ளுக்குள்ளேயே குட்டி போட்டு, தொந்தரவே தெரியாமல் முப்பது நாற்பது வருஷம்கூடக் கிடக்கும். கிட்னிக்காகச் சாப்பிடும் ஸ்டீராய்டு உள்ளே போனதும் கணக்கில்லாமல் பெருகிக் குடல்சுவரைத் துளைக்கும். ரத்தம் கசியும். குடல் கிருமியும் கூடவே ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. அபூர்வம்தான். ஆனால் நாம் வளர்ந்த லட்சணத்தை நினைத்துப் பார். காபித் தோட்டத்துக்குள் செருப்பே கிடையாது. எல்லாரும் வெளிக்குப் போன அதே புதருக்குள்தான் விளையாட்டும். பாதம் அரிக்கிறது என்று நீ அழுதால் அம்மா உப்புத் தண்ணீரில் காலை வைக்கச் சொல்வாள்.

மதுரை அட்ரஸைப் பார்த்தால் உன்னை டவுன்காரன் என்றுதான் நினைப்பார்கள். ஆடலூரில் காபிப் பழம் பொறுக்கி வளர்ந்தவன் என்று வாயைத் திறந்து சொல்லு. மலத்தை ஒரு தடவை பார்த்துப் புழு இல்லை என்றால் போதாது, திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். ரத்தப் பரிசோதனையும் இருக்கிறது. ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கு ஈசினோஃபில் ஏறாமலே இருக்கலாம். புழு இருந்தால் ஐவர்மெக்டினுக்குக் கேட்கும். அதை நீயாக வாங்கி முழுங்காதே. பயந்துபோய் கிட்னி மாத்திரையை நிறுத்திவிடவும் செய்யாதே.

இங்கே பழம் எடுப்பு தொடங்கிவிட்டது. ஒத்தாசைக்கு வருகிறேன் என்று கிளம்பி வந்துவிடாதே. செல்வத்திடம் கொஞ்சம் பணம் கொடுத்திருக்கிறேன். டாக்டர் சொல்வதை அவனே பக்கத்தில் நின்று கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும். உன் வாய்க்கணக்கு எனக்கு வேண்டாம்.

உன் அக்கா